பாளப் பனிச்சரிவு

மலைச்சரிவில் படிந்த வெண்பனியின் மேலடுக்கு ஒரே பாளமாக உடைந்து கீழே வழுக்கி ஓடுவது பாளப் பனிச்சரிவு எனப்படும். குளிர்காலத்தில் ஆளரவமற்ற மலைகளுக்குப் பனிச்சறுக்கவும் மலையேறவும் செல்வோரின் உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இவ்வகையே. சிக்கியவரோ அவருடன் வந்தவரோ கொடுத்த அழுத்தமே பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுகிறது.

நலிந்த அடுக்கு

பாளம் வழுக்குவதற்குக் காரணம் அதன் அடியில் புதைந்திருக்கும் நலிந்த அடுக்கு. நிலத்தை ஒட்டிய பனி ஏறத்தாழ 0° செல்சியஸில் இருக்கும். மேற்பரப்போ அதைவிட மிகவும் குளிர்ந்திருக்கும். பனி மெல்லியதாகப் படிந்த இடங்களில் இவ்வேறுபாட்டின் தாக்கம் கடுமையாகிறது. 10 செ.மீ. உயரத்துக்குள் வெப்பநிலை 1 பாகைக்கு மேல் மாறினால், கீழிருந்து மேலேறும் நீராவி பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத, பட்டை கொண்ட படிகங்களாக மாற்றுகிறது. கையில் அள்ளினால் இவை சீனியைப் போல் உதிரும். தெளிந்த இரவுகளில் மேற்பரப்பில் இறகுவடிவில் படியும் உறைபனியும் அடுத்த பனிப்பொழிவில் புதையுண்டு நலிந்த அடுக்காகலாம்.

இத்தகைய அடுக்கின் மேல் புதுப்பனியோ காற்று கொண்டுவந்து குவித்த பனியோ இறுகும்போது பாளம் உருவாகிறது. 30 முதல் 45 பாகைச் சாய்வுள்ள சரிவுகளில் ஒருவரது எடையே நலிந்த அடுக்கை நொறுக்கப் போதும். ‘தொம்’ என்ற அடங்கிய ஓசையுடன் விரிசல் பக்கவாட்டில் பரவும். உலர்ந்த பாளம் சில நொடிகளிலேயே மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டக்கூடும்.

நீடிக்கும் ஆபத்து

நலிந்த அடுக்கு வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் வலுப்பெறாமல் கிடக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2002 நவம்பரில் உருவான அடுக்கு 2003 தொடக்கத்திலும் உறுதிப்படவில்லை. 2003 ஜனவரி 20 அன்று ரெவல்ஸ்டோக் அருகே நேர்ந்த சரிவில், பனிப்பலகைச் சறுக்கு வீரர் கிரெய்க் கெல்லி உட்பட 7 பேர் இறந்தனர். பிப்ரவரி 1 அன்று கிளேசியர் தேசியப் பூங்காவில் பள்ளி மாணவர்கள் 7 பேர் பலியாயினர். இவற்றைத் தொடர்ந்து 2004இல் தேசியப் பனிச்சரிவு மையம் அமைக்கப்பட்டது. அதுவே இன்றைய அவலாஞ்ச் கனடா.

சோதனையும் எச்சரிக்கையும்

நலிந்த அடுக்கைக் கண்டறிய, பனியில் குழி தோண்டி, 30 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தூணைத் தனியே வெட்டியெடுப்பர். அதன்மேல் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 முறையும், முழங்கையிலிருந்து 10 முறையும், தோளிலிருந்து 10 முறையும் தட்டுவர். எத்தனையாவது தட்டலில், எந்த அடுக்கில் தூண் பிளக்கிறது என்பதோடு, பிளவு சட்டென வழுக்குகிறதா என்றும் குறித்துக்கொள்வர். ஆனால் சில மீட்டர் தள்ளித் தோண்டினாலே முடிவு மாறலாம் என்பதால், ஒரு குழியை நம்பிச் சரிவில் இறங்குவதில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆபத்து 1 முதல் 5 வரையான நிலைகளில் அறிவிக்கப்படுகிறது. 5 உச்சநிலை, எனினும் நடுவிலுள்ள 3ஆம் நிலையிலேயே உயிரிழப்புகள் மிகுதி.

மீட்பு

புதைந்தவர் 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி நேரத்துக்குப் பின் மூச்சுத்திணறலால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. எனவே வெளியுதவி வரும்வரை காத்திராமல் உடனிருப்போரே தேடவேண்டும். இதற்காக ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் தேடுகருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றையும் வைத்திருப்பது நடைமுறை.