பத்தினி

பெயர்ச்சொல். வடமொழிப் ‘பத்நீ’யிலிருந்து வந்தது. அங்கே மனைவி என்பதே பொருள், ‘பதி’க்குப் பெண்பால். தமிழில் கற்புடையவள் எனக் கூர்மை பெற்றது. சிலப்பதிகாரத்தில், தன் கணவன் கள்வனா என்று கண்ணகி கேட்பது கதிரவனிடம். விடை சொல்வதும் அவனே. பகலவனைச் சாட்சிக்கு அழைத்தவளுக்கு இச்சொல் தெய்வப் பெயராயிற்று. சேர வேந்தன் செங்குட்டுவன் அவளுக்கு எடுத்த விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு வந்ததாக அந்நூல் சொல்கிறது. சிங்களத்திலும் இதே சொல்: ‘பத்தினி தெய்யோ’. கண்டியில் புத்தரின் பல் உள்ள தலதா மாளிகைக்கு அருகே அவள் தேவாலயம் உண்டு. அங்கு நடக்கும் எசல பெரகரா விழாவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களை அடுத்து அவள் ஊர்வலம் வரும். அவள் சின்னம் சிலம்பு. மழை வேண்டியும் அம்மை தணியவும் வழிபடுவர். மட்டக்களப்புத் தமிழருக்கு அவள் கண்ணகி அம்மன்; கண்டியில் பத்தினி.