வெயிலும் பழைய பியானோவும்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறைகளில் பியானோ இடம்பிடித்தது. மகோகனி, ரோஸ்வுட் மரங்களின் மெல்லிய தகடுகளை அதன் உடலில் ஒட்டி, மேலே பிரெஞ்சு பாலிஷ் ஏற்றினார்கள். இந்தியாவிலிருந்து போன அவலரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்த்துப் பூசும் மெருகு அது. தகடுகளை ஒட்டியது விலங்குத் தோலில் காய்ச்சிய வச்சிரம். சன்னலோரத்தில் நின்ற பியானோவில் இவை எல்லாமே கெட்டன. ரோஸ்வுட்டின் ஆழ்ந்த நிறம் வெளிறியது, மெருகு வெடித்தது, வச்சிரம் காய்ந்து தகடு எழும்பியது. உள்ளேயுள்ள ஸ்ப்ரூஸ் ஒலிப்பலகை உலர்ந்து பிளந்தால் ஓசையே பழுதாகும். கம்பளத்தையும் மேசை நாற்காலிகளையும் காத்த கனத்த திரைச்சீலைகளும் மரச்சட்டத் தட்டிகளும் பியானோவுக்கும் காவலாயின.

விரலால் அழுத்தும் வெள்ளைக் கட்டைகளின் கதை நேர்மாறானது. அவற்றின் மேல் ஒட்டிய யானைத் தந்தம் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வெளுக்கும். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் டீப் ரிவர், ஐவரிடன் என்ற இரண்டு ஊர்கள் இந்தத் தொழிலால் செழித்தன. சான்சிபார் வழியாக வந்த தந்தத்தைச் சீவி, கண்ணாடிக் கூரையிட்ட நீண்ட கொட்டகைகளில் வாரக்கணக்கில் வெயில் காட்டி வெளுக்க வைத்தார்கள். அந்த வெண்மைக்கு யானைகள் மட்டும் பலியாகவில்லை; தந்தத்தைக் கடற்கரைவரை தோளில் சுமந்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். தந்தம் இருட்டில் மஞ்சளாவதால், பியானோ வீட்டுக்கு வந்தபின் கட்டைகளின் மூடியைத் திறந்தே வைக்கும் வழக்கமும் வந்தது. நேர்வெயில் படாத உட்சுவரும், திறந்த மூடியும் சேர்ந்ததே மரத்துக்கும் தந்தத்துக்கும் பொருந்திய ஏற்பாடு.

நிறம் ஏன் போகிறது என்பதை 1888இல் ரசல், ஆப்னி என்னும் இரு அறிவியலாளர்கள் நீர்வண்ணங்களை வைத்து ஆராய்ந்து பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை தந்தார்கள். ஒளியோடு ஈரமும் காற்றும் சேரும்போதே பெரும்பாலான நிறங்கள் மங்குகின்றன, நீல ஊதாக் கதிர்களே அதிகம் கெடுக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. சன்னல் கண்ணாடியை நம்பி இருந்துவிட முடியாது. புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியை மட்டுமே அது தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை உண்ணும்.

தந்தத்துக்கு மாற்றாக வந்த செல்லுலாய்டு வெளிச்சத்தில் மஞ்சளாகிவிடும். ஆகவே பழைய பியானோவில் மூடியைத் திறப்பதா அடைப்பதா என்பதைக் கட்டையைப் பார்த்தே சொல்ல வேண்டும். தந்தமானால் மெல்லிய வரியோட்டம் தெரியும். அகலமான முன்பாகமும் ஒடுங்கிய பின்பாகமும் சேருமிடத்தில் பெரும்பாலும் ஒரு நுண்கோடு இருக்கும். செல்லுலாய்டில் வழக்கமாக அந்தக் கோடு இராது. அதற்கு மூடி அடைத்திருப்பதே நல்லது.