கலமும் காலமும்: நெய்யாற்றின்கரைக் கடற்கரையை முன்வைத்து உரோமானிய மட்கல ஆய்வு

யவனர் கொணர்ந்த தேறலைப் பருகி இனிது வாழுமாறு பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாடல். சங்க இலக்கியக் காலத்தை நிறுவ முனைவோர் பெரிதும் எடுத்தாளும் சான்றுகளுள் இதுவும் ஒன்று. இதில் வரும் 'கலம்' என்பதற்குப் பழைய உரைகாரர் குப்பி எனப் பொருள் கொண்டார். மரக்கலமும் கலமே, மட்கலமும் கலமே. அகழாய்வுக் குழிகளில் அம்போரா எனப்படும் இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்த பின்னர், பாடலையும் ஓட்டையும் முடிச்சிட்டுக் காட்டுதல் எளிதாயிற்று. அம்முடிச்சு எல்லாவிடத்தும் இறுகியதன்று என்பதே ஈண்டுக் கூற விழைவது.

1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெசோ நகரத்தோடு தொடர்புடைய அரிட்டைன் கலங்களின் ஓடுகள் குயவர் முத்திரைகளுடன் வெளிப்பட்டன. காலம் அறியப்பட்ட அவ்வோடுகளைக் கொண்டே தென்னிந்தியத் தொல்லியலின் கால அடைவை அவர் வகுத்தார். அப்பணியின் பெருமை குறையாது. ஆயின், உட்புறத்தே நுண்ணிய புள்ளிக்கோடுகள் வட்டமாக ஓடும் ரௌலட் கலங்களிலும் அவர் மேலைநாட்டுக் கையையே கண்டார். 1980களில் விமலா பெக்லி இக்கருத்தை மறுத்து, அவை இந்நாட்டுக் கலங்களே என வாதிட்டார். பின்னர் வி.டி. கோக்டே எக்ஸ் கதிர்ச் சோதனைகளின் துணைகொண்டு அவற்றின் களிமண்ணைக் கங்கைக் கழிமுகப் பகுதியோடு இணைத்தார். இன்று ரௌலட் ஓட்டை உரோமானியம் என்று கூறும் தொல்லியலார் இலர். தமிழாய்வேடுகளில் அவ்வாறு கூறுவோர் உளர். என் முனைவர்ப்பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயலும் அவற்றுள் அடங்கும் என்பதை ஒப்புக்கொள்ளுதல் முறை. பழைய நூலொன்றின் பட்டியலை ஓட்டைக் காணாமலேயே பெயர்த்தெழுதியதன் பயன் அது.

மட்கலத்தை அறிந்தோர் அதனைத் தனித்திருந்து முடிவு செய்வதில்லை. இங்கிலாந்தில் 1971இல் தோன்றிய உரோமானிய மட்கல ஆய்வுக்குழுவினர் ஆண்டுக்கொருமுறை ஒரு வார இறுதியில் கூடுவர். கட்டுரை வாசிப்பதோடு அமையாது, தத்தம் ஊர்ப் பானையோடுகளை மேசைமேல் பரப்பி, புதிதாக உடைந்த விளிம்பை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்குவர். மண்ணின் நிறம், அதில் கலந்த மணல், சுட்ட பதம் ஆகியவை அங்கே வாதத்திற்குரியன. இத்தகைய ஒப்புநோக்கின் வழிவந்த மண்வகைக் கையேட்டினை 1998இல் ஜான் டோருடன் இணைந்து வெளியிட்டவர் ராபர்டா டோம்பர். அவரே பின்னர் இந்திய அருங்காட்சியகங்களிலும் அகழாய்வுக் கிடங்குகளிலும் இருந்த ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினார்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதிச் சாடிகளை அவற்றின் மண்ணில் கலந்த கருமணல் காட்டிக்கொடுக்கும். எரிமலைப் பாறையினின்று வந்த மணல் அது. பெரியாற்றுக் கழிமுகத்துப் பட்டணத்தில் இத்தகைய ஓடுகள் கிடைத்துள்ளன. அங்கு 2004இல் சோதனை அகழாய்வு செய்தோர் கே.பி. ஷாஜனும் வீ. செல்வகுமாரும். 2007 முதல் கேரள வரலாற்றாய்வு மன்றம் விரிவாக அகழ்ந்தது. அகநானூற்றின் 149ஆம் பாடல் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் கலங்களைக் கூறும் முசிறி அதுவே என்று பலர் கருதுவதற்கு இவ்வோடுகளும் காரணம்.

ஆனால் டோம்பர் 2007இல் வெளியிட்ட கட்டுரை மற்றொன்றையும் உணர்த்திற்று. அம்போரா என்று பெயரிட்டு வைக்கப்பட்டிருந்த ஓடுகள் பலவும் உரோமானியக் கலங்களின் உடைசல்கள் அல்ல. மெசபடோமியாவின் டார்பிடோ சாடிகளுக்கு உரியவை. அச்சாடிகளுக்குப் பிடியில்லை, நீண்டு குவிந்த உடல், உட்புறத்தே நிலக்கீல் பூச்சு. பிடியும் வாயும் கிடைக்காது வயிற்றுப்பகுதி ஓடு மட்டும் கிடைக்குமாயின் பழகாத கண் ஏமாறும். இவை பெரிதும் சாசானியர் காலத்தையும் அதனையடுத்த தொடக்க இசுலாமியக் காலத்தையும் சேர்ந்தவை. சாசானியர் ஆட்சியோ கி.பி. 224இல்தான் தொடங்குகிறது. கடல் வணிகம் நிகழ்ந்தது உண்மை. ஆனால் அது நக்கீரர் பாடிய யவனரின் வணிகம் ஆகாது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பூவாற்றைச் சாலமோன் அரசனின் ஓபீர்த் துறையாகவே ஆக்கிவிடுவாரும் உளர். அதனை விடுத்து விழிஞத்திற்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் கூறும் பலிதா என்னும் துறையை விழிஞத்தில் காண்பர் சிலர். வர்க்கலையில் காண்பர் வேறு சிலர். தாலமி ஆய் நாட்டைக் குறிக்கிறார். கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் விழிஞத்தில் நிகழ்த்திய அகழாய்வுகளில் மேலை ஆசியக் கலங்களும் சீனக் கலங்களும் வெளிப்பட்டன.

இங்கு ஆய் மரபு இருமுறை நம்முன் வருகிறது. புறநானூறு பாடும் ஆய் அண்டிரன் ஒருவன். கி.பி. 866ஆம் ஆண்டுப் பார்த்திவபுரச் செப்பேட்டின் கருநந்தடக்கன் மற்றொருவன். இடைப்பட்ட பல நூற்றாண்டுகளுக்குச் சான்று மிக அரிது. அம்போராவின் காலம் முன்னவனுக்கு அணித்து. டார்பிடோ சாடியின் பிற்காலம் பின்னவனுக்கு அணித்து. ஓர் ஓட்டின் பெயரைப் பிழைபடக் கூறின், ஒன்பதாம் நூற்றாண்டுத் துறைமுகத்தைச் சங்ககாலத்திற்கு ஏற்றியவர் ஆவோம். எதிர்மாறாகவும் நேரலாம்.

1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பார்த்திவபுரம் எல்லைக்கு இப்பால், விழிஞம் அப்பால். செப்பேட்டைக் கற்போர் ஒரு துறையிலும் ஓட்டைக் கற்போர் வேறொரு துறையிலுமாகப் பிரிந்திருப்பதற்கு இவ்வெல்லையும் ஒரு காரணம். அரிக்கமேடு, அழகன்குளம், பட்டணம், விழிஞம் ஆகிய நான்கிடத்து ஓடுகளையும் ஒரே மேசையில் பரப்பி, தமிழ், மலையாள ஆய்வாளர் ஒருங்கே அமர்ந்து நோக்க ஒரு வார இறுதி போதும். கூடுமிடம் பாறசாலையாகவே இருக்கலாம். புகைவண்டி நிலையம் உண்டு, இருமொழியும் அவ்வூரில் வழங்குகின்றன. இலக்கிய மாணவர்கள் எழுதுகோலை ஒருபால் வைத்து, நிலக்கீல் படிந்த ஓடு ஒன்றையும் கருமணல் கலந்த ஓடு ஒன்றையும் முதலில் கையில் வாங்கிப் பார்க்கட்டும்.