தறிக்காரம்மாவும் டீச்சரம்மாவும்

கைக்குழந்தை உள்ள பெண் வேலைக்குப் போவதா, வீட்டோடு இருப்பதா என்ற பேச்சு சேலம், நாமக்கல் பக்கம் எழும்போதெல்லாம், பேசுகிறவர்கள் மனத்தில் காலையில் பஸ் பிடித்து ஓடுகிற ஒரு டீச்சரோ நர்ஸோதான் இருப்பார். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிற பெண்ணை அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. அவள்தான் வீட்டிலேயே இருக்கிறாளே என்று விட்டுவிடுகிறார்கள். இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், பிள்ளையை விட்டுப் போகிறவளைவிட, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உழைக்கிறவளுக்குத்தான் நாம் குறைவாகச் செய்திருக்கிறோம் என்பது தெரியும்.

ராசிபுரத்துப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2011இல் 6 மாதமானது, 2016இல் 9 மாதமானது, 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு, சம்பளத்தோடு. தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது 26 வாரம். ஆக டீச்சரால் யோசிக்க முடிகிறது. விடுப்பு முடிந்ததும் திரும்புவதா, சம்பளமில்லா விடுப்பு கேட்பதா, அம்மா ஊருக்குப் பக்கமாக மாறுதல் வாங்குவதா என்று வீட்டில் உட்கார்ந்து பேச முடிகிறது. எது முடிவானாலும் வேலை அவருக்காகக் காத்திருக்கும்.

அதற்காக அவர் பாடு லேசு என்று சொல்லமாட்டேன். விடுப்பு முடியும்போது குழந்தைக்கு ஒரு வயதுதான் இருக்கும். அங்கன்வாடியில் உட்காரவைக்க இரண்டு வயது ஆகவேண்டும். அதற்குமுன் சத்துமாவு தருவார்கள், எடை பார்ப்பார்கள். பகல் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்வதில்லை. இடைப்பட்ட காலம் அம்மாயி தலையிலோ அப்பத்தா தலையிலோ விழுகிறது. அந்த அம்மாவுக்கு முட்டிவலி இருக்கலாம், காட்டு வேலையும் இருக்கலாம். அரசு விடுப்பு தந்துவிட்டது. மீதியை ஒரு கிழவி இலவசமாகச் சுமக்கிறாள்.

இனி தறிக்காரம்மா. சின்னப் பட்டறைகளில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் ஓட்டுவார்கள். முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் இருவர் பேரிலும் நிற்கும். கூலி ஓட்டிய மீட்டருக்கு. பட்டறை வீட்டுக்குள்ளேயோ வீட்டை ஒட்டியோ இருக்கும். ஒரு ஆள் பல தறிகளைக் கவனிப்பதால் கண் ஒன்றில் நிலைக்காது. இழை அறுந்தால் ஓடவேண்டும், தாரில் நூல் தீர்ந்தால் மாற்றவேண்டும். உத்திரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் பிள்ளை கிடக்கிறது. அது அழுவது தறிச் சத்தத்தில் காதில் விழாது, வாய் திறந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. தவழத் தொடங்கிவிட்டால் இன்னும் பயம், எட்டும் உயரத்திலேயே பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டில் கொலுசு வேலை செய்யும் பெண்களுக்கும் இதே பயம்தான். அங்கே பெல்ட்டுக்குப் பதில் பற்றவைக்கும் நெருப்பும் திராவகக் கிண்ணமும்.

பிள்ளை பக்கத்தில் இருப்பது வேறு, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேறு. டீச்சர் மாலையில் வீடு திரும்பினால் அரைமணி நேரமாவது முழு மனத்தோடு மடியில் வைத்துக்கொள்ளலாம். தறிக்காரம்மாவுக்குப் பகலெல்லாம் பிள்ளை கண்ணில் படுகிறது, கைக்கு மட்டும் வருவதில்லை. அட்வான்ஸ் தீராமல் வேலையை விடவும் முடியாது. வேலையா, வீடா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையே அவளுக்கு வரவில்லை.

வீட்டிலேயே செய்கிற வேலை பிள்ளைக்காரிக்கு நல்லது என்ற எண்ணம் இந்தச் சீமையில் பழையது. ராஜாஜி 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். சுற்றுவட்டாரப் பெண்கள் வீட்டில் நூல் நூற்றுக் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். மழை பொய்த்த வறண்ட பூமியில் அது பெரிய ஆதரவு. ஆனால் ராட்டையைப் பிள்ளை அழுதால் நிறுத்தலாம், பால் கொடுத்துவிட்டு விட்ட இழையிலிருந்து தொடரலாம். மின்சாரத்தில் ஓடும் தறியை நிறுத்தினால் அந்த நிமிடமே கூலி குறைகிறது. ராட்டைக்குப் பொருந்திய நியாயத்தைத் தறிக்கும் சொல்லிக்கொண்டிருப்பதுதான் நம் பிழை.

2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், உற்பத்தி வீட்டையும் வயலையும் விட்டு ஆலைக்குப் போனபோது மணமான பெண்களின் வேலைப் பங்கு குறைந்ததையும், படிப்பும் அலுவலக வேலையும் வந்தபின் மீண்டும் ஏறியதையும் எடுத்துக்காட்டினார். பள்ளிபாளையத்தில் நடந்தது இன்னொரு விதம். இங்கே ஆலையே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சட்டமும் வாசலோடு நின்றுவிட்டது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பறை வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். 50 பேர் வேலை செய்யும் இடமெல்லாம் வேண்டும் என்றது 2017 திருத்தம். ஆறு தறிப் பட்டறை இதில் எந்தக் கணக்கிலும் வராது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் அளவுக்குப் பணமும் பொருளும் என்று வகுத்தார்கள். நல்ல திட்டம், ஏழைத் தாய்க்குப் பெரிய கைகொடுப்பு. ஆயினும் டீச்சரின் 12 மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்தால், ஒரே மாநிலம் இரண்டு தாய்மார்களை எப்படி எடை போட்டிருக்கிறது என்பது புரியும்.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். டீச்சர் வீட்டுக்கும் தறிக்காரம்மா வீட்டுக்கும் பொதுவாக இருப்பது இது ஒன்றுதான்.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. டில்லியில் மீரா மகாதேவன் 1969இலேயே கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வேலை நடக்கும் இடத்தில் காப்பகம் தொடங்கிக் காட்டினார். ஒன்றிய அரசின் பால்னா திட்டம் 6 மாதம் முதல் 6 வயது வரையான குழந்தைகளை அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்தில் நாளுக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. அதைத் தறித் தெருக்களுக்கும் கொலுசுத் தெருக்களுக்கும் முதலில் கொண்டுவாருங்கள். ஷிப்ட் நேரத்துக்கு ஏற்பத் திறந்து வையுங்கள். குமாரபாளையம், பள்ளிபாளையம் நகராட்சி உறுப்பினர்களே, அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள்.