1964இல் எந்தக் கொடி? தொடக்கநிலைப் பிள்ளைகளுடன் ஒலிம்பிக் வரலாறு



ஒலிம்பிக் ஆண்டு வந்துவிட்டால் நம் வகுப்பறைகளில் என்னென்ன நடக்கும் என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே. ஐந்து வளையங்களுக்கு வண்ணம் தீட்டுவோம். அட்டைக் குழாயில் ஆரஞ்சுத் தாளைச் செருகித் தீப்பந்தம் செய்வோம். பொன்னிறத் தாளில் பதக்கம் வெட்டி, நூல் கோத்துப் பிள்ளைகளின் கழுத்தில் மாட்டுவோம். இவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கைவேலை இல்லாத பாடம் பாடமே அன்று. ஆயினும் ஒரு வாரம் கழித்து அந்தப் பதக்கம் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும்போது, பிள்ளையின் மனத்தில் என்ன எஞ்சியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டியுள்ளது.

அண்மையில் ஒரு பயிற்சித்தாள் என் கைக்கு வந்தது. யார் தயாரித்தது என்பது இங்கு முக்கியமன்று. அதில் ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆண்டு: 1948, 1960, 1964, 1968, 2008. ‘இந்த ஆண்டுகளில் நம் வீரர்கள் எந்தக் கொடியின் கீழ் போட்டியிட்டனர்? வரைந்து வண்ணம் தீட்டுக’ என்பது வினா. பின்பக்கத்து விடையில் ஐந்து கட்டங்களிலும் நம் செவ்வெள்ளைக் கொடியே இருந்தது.

ஐந்தில் இரண்டு தவறு. அந்த இரண்டையும் திருத்த முனைந்தபோதுதான், இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எளிதில் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

முதல் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் பெயரால் கலந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். உயரம் தாண்டும் வீரர் லாய்ட் வால்பெர்க். அப்போது நாம் பிரிட்டிஷாரின் குடியேற்ற நாடு. பிறையும் ஐந்து நட்சத்திரங்களும் கொண்ட நம் கொடி 1959ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள்தான் அறிமுகம் கண்டது. ஆகவே 1948ஆம் ஆண்டுக் கட்டத்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

1960க்கு அது பொருந்தும். அவ்வாண்டு ரோம் நகரில் பளுதூக்கும் போட்டியில் டான் ஹவ் லியாங் வெள்ளி வென்றார். சீனாவின் சுவாத்தோவில் பிறந்து, சிறுவயதில் இங்கு வந்து சேர்ந்தவர் அவர். சிங்கப்பூர் அப்போது தன்னாட்சி பெற்றிருந்தது, தனிநாடு ஆகவில்லை. அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு நாம் 48 ஆண்டுகள் காத்திருந்தோம். 2008ஆம் ஆண்டு பெய்ச்சிங்கில் மேசைப்பந்து மகளிர் குழு வெள்ளி வென்ற செய்தி பல பெற்றோருக்கு நினைவிருக்கும்.

இனி 1964. தோக்கியோ ஒலிம்பிக். பயிற்சித்தாளின் பெருந்தவறு இங்கேதான் உள்ளது. 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலமாயிற்று. எனவே தோக்கியோவில் சிங்கப்பூர் என்ற பெயரில் ஒரு குழுவே இல்லை. நம் வீரர்கள் மலேசியக் குழுவில் சென்றனர். அவர்களுள் ஒருவர் சி. குணாளன். தொடரோட்டக்காரராகச் சென்ற அவர் நம்மைப்போல் ஓர் ஆசிரியர். பிற்காலத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் விரிவுரையாளராகவும் பணியாற்றியவர். தேசியக் கல்விக் கழகத்தில் பயின்ற நம்மில் பலர் அவருடைய பெயரைக் கேட்டிருப்போம். நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களா என்பதே என் கவலை.

அதே மலேசியக் குழுவில் இடம்பெற்ற இன்னொரு தமிழர் மணி ஜெகதீசன். பின்னாளில் மருத்துவரான இவரை ஆசியாவின் ‘பறக்கும் மருத்துவர்’ என்று அழைத்தனர். 1964இல் இருவருக்கும் ஒரே கொடி. 1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்து தனிநாடாயிற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் பேங்காக்கில் ஆசிய விளையாட்டுகள் நடந்தன. 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் இருவரும் ஓடினர். இப்போது ஜெகதீசனுக்கு மலேசியக் கொடி, குணாளனுக்குச் சிங்கப்பூர்க் கொடி. இருவரும் கோட்டைத் தொட்ட நேரம் ஒன்றே: 10.5 விநாடி. புகைப்படத்தைப் பார்த்துத்தான் நடுவர்கள் முடிவு சொன்னார்கள். ஜெகதீசனுக்குத் தங்கம், குணாளனுக்கு வெள்ளி.

இரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? இணைப்பு, பிரிவு என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நான் தொடக்கநிலை 3 பிள்ளைகளிடம் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பழைய தமிழ் முரசு நாளிதழை இறுகச் சுருட்டினால் தொடரோட்டக் கோல் ஆகிவிடும். இரண்டு பிள்ளைகளின் கையில் ஒரே நிற நாடாவைக் கட்டி, ஒருவர் ஓடிவந்து மற்றவரிடம் கோலைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் இணை இணையாக ஓடி முடிக்கட்டும். பிறகு ஆசிரியர் ஒவ்வோர் இணையிலும் ஒருவருடைய நாடாவை மட்டும் அவிழ்த்து, வேறு நிற நாடாவைக் கட்ட வேண்டும். கோல் இனி இல்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே கோட்டை நோக்கி ஓட வேண்டும். விளக்கம் எதுவும் முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை. “ஏன் ஆசிரியரே மாத்துறீங்க? நாங்க ஒரே குழுதானே!” என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் 1965ஐச் சொல்ல வேண்டும். கேள்வி வரும்முன் விடையைக் கொடுத்துவிடும் பழக்கம் நம் தொழிலுக்கே உரிய நோய்.

‘ஒரே நேரம், ஆனால் ஒருவர் முதல்’ என்பதும் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடாது. சாய்வாக வைத்த அட்டையில் இரண்டு கோலிக்குண்டுகளை ஒன்றாக உருட்டி, மூன்று பிள்ளைகளை நடுவர்களாக உட்கார வைத்தேன். மூவரும் ஒரே தீர்ப்பைச் சொல்லவில்லை! பிறகு கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினேன். கடிகாரத்தால் பிரிக்க முடியாததைப் படம் பிரித்துவிடும் என்பது அப்போது புரிந்தது. இதனோடு 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கையும் சேர்த்துச் சொல்லலாம். 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் ஜோசஃப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அவருக்குப் பின்னால் மைக்கேல் ஃபெல்ப்ஸ் உள்ளிட்ட மூவர் 51.14 விநாடியில் ஒன்றாக வந்தனர். அங்கே மூவருக்கும் வெள்ளி கிடைத்தது. ஒரே மேடைப்படியில் மூன்று பேர் நெருக்கி நிற்கும் படம் பிள்ளைகளுக்குப் பெருஞ்சிரிப்பு. (முதல் கட்டத்தில் பார்த்த வால்பெர்க், ஸ்கூலிங்கிற்குத் தாத்தா உறவு. இதைக் கடைசியாகச் சொல்லுங்கள், வகுப்பு அதிரும்.)

கொடி வரையும் வேலைக்குத் திரும்புவோம். மலேசியக் கொடியில் எத்தனை பட்டைகள் என்று எண்ணச் சொல்லுங்கள். 14 பட்டைகள், நட்சத்திரத்திற்கும் 14 முனைகள். 1963இல் இருந்த 14 மாநிலங்களைக் குறிக்க வந்தவை அவை. அவற்றுள் ஒன்று சிங்கப்பூர். நாம் பிரிந்த பிறகும் அந்த எண்ணிக்கை மாறவில்லை. பதினான்காவது பட்டை இப்போது கூட்டரசைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. எண்ணிப் பழகும் கணிதமும் வரலாறும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன.

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் கூறலாம். தோக்கியோ ஒலிம்பிக் நடந்தது 1964 அக்டோபரில். அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் இங்கு இனக்கலவரங்கள் நிகழ்ந்தன. ஜூலை 21ஆம் நாள் நாம் பள்ளியில் இன நல்லிணக்க நாள் கொண்டாடுவது அதன் நினைவாகவே. கீழ்வகுப்புகளில் இதை நான் தொடுவதில்லை. அந்த வயதுக்கு அது சுமை.

கொடி என்ற பொருள் நம் பள்ளிகளுக்கு மிக நெருக்கமாக வந்தது 2010 ஆகஸ்டில். முதலாவது இளையர் ஒலிம்பிக் விளையாட்டுகள் ஆகஸ்ட் 14 முதல் 26 வரை சிங்கப்பூரில் நடைபெற்றன. 14 முதல் 18 வயது வரையிலான ஏறத்தாழ 3,600 விளையாட்டாளர்கள் வந்தனர். கிளமெண்டியிலிருந்து மேற்கே சிறிது தொலைவிலுள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமே அவர்கள் தங்கும் கிராமமாயிற்று. உள்ளூர்ப் பள்ளிகளைப் பங்கேற்கும் நாடுகளுடன் இணைத்தார்கள். எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் வாழ்த்துச் சொல்லையும் உணவையும் நம் பிள்ளைகள் தேடித் தெரிந்துகொண்டனர். அந்த ஏற்பாட்டை நான் இன்றும் பாராட்டுவேன். ஜூடோ முதலிய சில போட்டிகளில் பல நாட்டவர் கலந்த குழுக்களும் இருந்தன. அப்பதக்கங்கள் எந்த ஒரு நாட்டின் கணக்கிலும் சேரவில்லை. எந்த நாடு எத்தனை பதக்கம் என்ற பட்டியலை மட்டும் சுவரில் ஒட்டியிருந்த வகுப்பில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்த இடத்தில் நம் தமிழ் வகுப்புகளின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் நான்கு தலைமுறையாக இங்கிருக்கும் குடும்பத்துப் பிள்ளையும், ஜொகூரிலிருந்து வந்த பிள்ளையும், சென்னையிலிருந்து சென்ற ஆண்டு வந்த பிள்ளையும் அருகருகே அமர்ந்துள்ளனர். ‘உன் நாட்டுக் கொடியை வரை’ என்றால் சில பிள்ளைகள் வண்ணக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கின்றனர். அப்பா ஒன்று சொல்கிறார், பள்ளி ஒன்று சொல்கிறது. பெற்றோர் சிலர் இது குறித்து என்னிடம் வருத்தப்பட்டதும் உண்டு. அப்பிள்ளைகளுக்குக் குணாளனின் கதையும், சுவாத்தோவில் பிறந்த டான் ஹவ் லியாங்கின் கதையும் ஏதோ ஒரு வகையில் ஆறுதல் தருவதை நேரில் பார்த்திருக்கிறேன். கட்டத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு கொடிகளையும் வரையலாமா என்று ஒரு சிறுமி கேட்டாள். வரையச் சொன்னேன்.

வீட்டுப்பாடமாக, ‘தாத்தா பாட்டி சிறுவயதில் எந்தக் கொடிக்கு வணக்கம் செலுத்தினார்கள்?’ என்று கேட்டுவரச் சொல்லலாம். பெற்றோர்களே, இதற்கு இணையத்தைத் தேடாதீர்கள். வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். இங்கு 1930களில் பிறந்த ஒருவர் பிரிட்டிஷ் கொடி, 1942 முதல் 1945 வரை ஜப்பானியக் கொடி, மீண்டும் பிரிட்டிஷ் கொடி, பிறகு நம் கொடி, மலேசியக் கொடி என்று பலவற்றைப் பார்த்திருப்பார். தமிழ்நாட்டுத் தாத்தாவின் விடை வேறாக இருக்கும். பிள்ளை தமிழில் கேட்டு, தமிழில் எழுதிவர வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. வாய்மொழிப் பயிற்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குக் காய்கறி வாங்கச் செல்லும் குடும்பங்கள், சற்று நடந்து ஃபேரர் பார்க் பக்கம் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அக்காலத் தடகள வீரர்கள் பயிற்சி செய்த பகுதி அது. இளையர் ஒலிம்பிக் காற்பந்து ஆட்டங்கள் நடந்த ஜாலான் புசார் அரங்கமும் அருகிலேயே உள்ளது. 2010இல் நம் சிறுவர் குழு மொண்டெனேகுரோவை 4-1 என வென்று வெண்கலம் பெற்ற இடம்.

கடைசிக் கட்டங்களில் 1968 எஞ்சியுள்ளது. மெக்சிகோ நகரில் குணாளன் தனிநாடாகிய சிங்கப்பூரின் கொடியின் கீழ் ஓடினார். இறுதிச் சுற்றுக்கு அவர் செல்லவில்லை. ஆனால் அங்கு ஓடிய 10.38 விநாடி, 33 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. 2001இல் யூ. கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடி அதை முறியடித்தார். 2023இல் மார்க் பிரையன் லூயிஸ் 10.27 விநாடியில் ஓடினார். தரையில் மூன்று நீண்ட தாள்களை ஒட்டி, ஒவ்வொன்றின் முனையிலும் இந்த எண்களை எழுதிவைத்தேன். முதல் இரண்டு தாள்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெரியவில்லை என்று பிள்ளைகள் முறையிட்டனர். தரையில் படுத்துப் பார்க்கச் சொன்னேன்.