ஒரு சர்வாதிகாரியின் ராஜினாமா

சர்வாதிகாரிகள் பதவியை விட்டுப் போன கதைகளைச் சரித்திரத்தில் நிறையப் படித்திருக்கிறோம். பட்டாளம் வந்து வாசலில் நின்ற பிறகு போனவர்கள் உண்டு. இரவோடு இரவாக விமானம் ஏறிப் போனவர்களும் உண்டு. ஆனால், ஒரு முக்காற்புள்ளியையும் ஒரு சமக்குறியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதலாமா கூடாதா என்ற வழக்கில் மனம் நொந்து பதவியைத் துறந்தவர், எனக்குத் தெரிந்தவரை ஒருவர்தான். அவர் பெயர் கைடோ வான் ராஸம், ஹாலந்து தேசத்தவர். ராஜினாமாக் கடிதம் எழுதிய நாள், 2018-ம் வருஷம் ஜூலை 12.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் என் அண்ணன் மகன். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது அவனுக்கு ஜீவனம். நானோ கல்லூரியில் கணக்குப் பரீட்சையில் தேறியதற்கே, தாள் திருத்திய புண்ணியவானின் இளகிய மனத்தைத்தான் வாழ்த்த வேண்டும். ஆகையால் வாசகர்கள் பயப்பட வேண்டாம். எனக்கே விளங்கிய விஷயம் யாருக்கும் விளங்கும்.

கம்ப்யூட்டருக்கு நாம் இடும் கட்டளைகளை எழுதுவதற்கென்று தனிப் பாஷைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பைதான். மலைப்பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பி.பி.ஸி. டெலிவிஷனில் வந்த 'மாண்டி பைதான்' என்ற ஹாஸ்ய நிகழ்ச்சியின் ஞாபகமாக வைத்த பெயர். 1989-ம் வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையாயிருந்த கைடோ, பொழுது போவதற்காக இதை ஆரம்பித்தார். நம்மில் பலர் விடுமுறையில் அலமாரியை ஒழுங்கு செய்ய ஆரம்பித்து நடுவில் விட்டுவிடுவோம். அவர் விடவில்லை. 1991-ல் பாஷையை ஊருக்குப் பொதுவாக்கினார். அதன் உள்வேலைப்பாடு முழுவதையும் யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

எல்லோருக்கும் சொந்தமான வீட்டில் சுவரை இடிப்பது யார், ஜன்னல் வைப்பது யார்? தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

1994-லேயே ஓர் அன்பர் ஒரு கேள்வியை எழுப்பினார்: "கைடோ பஸ்ஸில் அடிபட்டுப் போனால் நம் கதி என்ன?" கேட்பதற்கு அபசகுனம் என்றாலும், கேட்டவர் விரோதி அல்ல, அக்கறையுள்ளவர். மறு வருஷம், பைதான்காரர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைக்க யோசித்தபோது, கைடோவுக்கு ஒரு பட்டம் சூட்டினார்கள்: "ஆயுட்காலத் தயாள சர்வாதிகாரி." விளையாட்டாகக் கொடுத்ததுதான். அதற்கு முன்னால் "முதல் இடைக்கால" என்று வேறு சேர்த்திருந்தார்கள். ஒரே மனிதர் இடைக்காலத்துக்கும் ஆயுட்காலத்துக்கும் எப்படிப் பதவி வகிப்பார் என்று யாரும் கவலைப்படவில்லை. நாளடைவில் இடைக்காலம் உதிர்ந்தது, ஆயுட்காலம் நின்றது.

2000-ம் வருஷம் ஒரு நடைமுறை ஏற்பட்டது. பாஷையில் மாறுதல் வேண்டும் என்பவர், அது ஏன் வேண்டும், எப்படி அமைய வேண்டும், அதற்கு என்ன ஆட்சேபங்கள் வந்தன என்பதையெல்லாம் ஒழுங்காக ஒரு மனுவாக எழுத வேண்டும். மனுவுக்கு ஓர் எண் தருவார்கள். அதன் மேல் விவாதம் நடக்கும். கடைசியில் கைடோ, 'ஆகட்டும்' என்பார். அல்லது, 'கூடாது' என்பார். எனக்கு மிகவும் பிடித்த அம்சம், தள்ளுபடியான மனுக்களையும் அவர்கள் கிழித்துப் போடுவதில்லை என்பது. இன்ன காரணத்தால் தள்ளினோம் என்ற குறிப்போடு அவையும் பத்திரமாக இருக்கின்றன. பைதானில் ரோமன் எண்களையும் எழுத வசதி வேண்டும் என்ற 313-ம் எண் மனுவை இன்றைக்கும் படிக்கலாம். 2003-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி போட்ட மனு அது. தேதியைக் கவனித்தீர்களல்லவா?

அதே வருஷம் மெய்யாகவே ஒரு வழக்கு வந்தது. 'இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது' என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத ஒரு வடிவம் வேண்டும் என்று கேட்டார்கள். ஜனநாயகமாகவே போவோமே என்று பத்துக்கு மேற்பட்ட வடிவங்களை வைத்து வோட்டெடுத்தார்கள். எதற்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2005-ல், கைடோ தாமே ஒரு வடிவத்தைத் தேர்ந்து வழக்கை முடித்தார். சர்வாதிகாரிக்கு அவசியம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கல்யாண வீட்டில் சாம்பாரா வற்றல் குழம்பா என்று பத்துப் பேர் பேசி ஓய்ந்த பிறகு, பாட்டி ஒருத்தி எழுந்து 'வற்றல் குழம்பு' என்று சொல்லிவிட்டுப் போவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

இனி வழக்குக்கு வருவோம்.

நான் மத்தியானம் தூங்கப் போகுமுன் வீட்டில் சொல்கிறேன்: "தபாலை வாங்கி மேஜைமேல் வை. மேஜைமேல் இருப்பது பத்திரிகை ஆபீஸ் செக்காக இருந்தால் என்னை எழுப்பு." இவை இரண்டு கட்டளைகள். பைதானில் இப்படித்தான் எழுத வேண்டியிருந்தது. ஒரு பொருளுக்குப் பெயரிட்டு வைப்பது ஒரு வரி. அதைப் பற்றிக் கேள்வி கேட்பது அடுத்த வரி. "மேஜைமேல் வைக்கும்போதே அது செக்கா என்று பார்த்து எழுப்பு" என்று ஒரே வரியில் சொல்ல வழி வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் கிறிஸ் ஏஞ்சலிகோ என்பவர் மனுப்போட்டார். எண் 572. அதற்கான குறி, := என்பது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் வடதுருவக் கடல் மிருகமான வால்ரஸின் இரண்டு கண்களும் இரண்டு தந்தங்களும் தெரியும். அதனால் வால்ரஸ் என்றே அதற்குப் பெயர் வந்தது.

இதற்கா சண்டை என்று நானும் கேட்டேன். "இரு, சித்தப்பா" என்று அவன் வேறொரு கதையை எடுத்தான்.

வேறு சில பாஷைகளில் கேள்விக்குள்ளேயே பெயரிடும் வசதி ஆதியிலிருந்து உண்டு. 'ஸி' என்ற பாஷையில் ஒற்றைச் சமக்குறி போட்டால், 'இதை அதுவாக்கு' என்று அர்த்தம். இரட்டைச் சமக்குறி போட்டால், 'இது அதுதானா?' என்று அர்த்தம். 2003 நவம்பரில் யாரோ ஒருவர், லினக்ஸ் என்ற அமைப்பின் நகல் வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து இரண்டு வரிகளைச் செருகினார். மேலோட்டமாகப் பார்த்தால், 'இந்த ஆள் யஜமானனா?' என்று விசாரிக்கும் சாதுவான வரிகள். ஆனால் இரட்டைச் சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைதான் இருந்தது. அர்த்தம், 'இந்த ஆளை யஜமானனாக்கு' என்று மாறிவிட்டது! மூலப் பிரதியின் பதிவுகளில் அந்த வரிகள் இல்லாததால் திருட்டு வெளிப்பட்டது. ஒரு கோடு குறைந்ததில், வாசலில் காவலுக்கு நின்றவன் கள்ளனுக்குச் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்திருப்பான்.

கேள்விக்குள் பெயரிடக் கூடாது என்று பைதான் ஆரம்பத்திலிருந்தே தடுத்திருந்தது இந்த மாதிரி ஆபத்துக்காகத்தான். இப்போது அந்தத் தடையைத் தளர்த்துவதா? புதுக்குறி வேறு மாதிரி இருப்பதால் பழைய ஆபத்து வராது என்றார்கள் மனுவை ஆதரித்தவர்கள். அது சரியான பதில்தான். ஆனால் எதிர்த்தவர்களின் மனக்குறை வேறு. ஒரு காரியத்துக்குத் தெளிவான ஒரே வழி என்பது பைதானின் பெருமை. இதனால் இரண்டு வழி ஆகிறதே, புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் திணறுவார்களே என்றார்கள். அதையும் அசட்டுப் பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன்.

அணு உலைக்குக் கோடிக்கணக்கில் செலவை நிமிஷத்தில் அங்கீகரிக்கும் கமிட்டி, சைக்கிள் கொட்டகையின் கூரையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதிக்கும் என்று பார்க்கின்ஸன் துரை 1957-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் கேலி செய்தார். இங்கும் அதில் கொஞ்சம் இருந்தது. வால்ரஸைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எல்லோராலும் முடிந்தது, சொன்னார்கள். நூற்றுக்கணக்கான கடிதங்கள் மின்னஞ்சலில் பறந்தன. அதிலும், இந்த முறை கைடோ தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாக மட்டும் இல்லை. மனுவை எழுதியவர்களில் மூன்றாமவராகத் தம் பெயரையும் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே பிசகு இதுதான் என்று நான் நினைக்கிறேன். வாதியும் நீதிபதியும் ஒருவரே என்றால், தீர்ப்பைக் கோபிக்கிறவன் ஆளைத்தானே கோபிப்பான்?

மனுவை அங்கீகரித்தார். கையோடு ராஜினாமாவும் எழுதினார். ஒரு மனுவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேர் தம் முடிவை வெறுப்பதைப் பார்க்க இனித் தமக்குத் தெம்பில்லை என்பது சாரம். வாரிசு யாரையும் குறிப்பிடவில்லை. ஜனநாயகமோ, சர்வாதிகாரமோ, அராஜகமோ, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

நான் தொடர்கதை எழுதுகிறவன். கதாநாயகியைக் கொன்ற வாரத்தில் எனக்கு வந்த கடிதங்களை இன்னும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றை இரண்டாம் தடவை படிக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. எனக்கு வந்தது ஒரே ஒரு வாரம். இந்த மனிதர் ஏறக்குறைய முப்பது வருஷம் தாங்கியிருக்கிறார்.

2009-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று, கைடோ ஓய்வு பெற்றுவிட்டதாகவும், பாரி வார்ஸா என்ற நண்பர் 'ஆயுட்கால அன்பு மாமா'வாகப் பட்டத்துக்கு வருவதாகவும் ஒரு வேடிக்கை மனு வெளிவந்திருந்தது. ஒன்பது வருஷம் கழித்து வேடிக்கை நிஜமாயிற்று. ஆனால் மாமாவுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. இனி யார் ஆள்வது என்று ஏழு யோசனைகள் வந்தன. மறுபடி ஒரே தலைவர் என்றது ஒன்று. மூவர் என்றது ஒன்று. வெளியாட்களைக் கூட்டி வந்து உட்கார வைக்கலாம் என்றது மற்றொன்று. 2018 டிசம்பரில் வோட்டெடுத்து, ஐவர் குழு என்று முடிவு செய்தார்கள். ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள் இருவருக்குமேல் குழுவில் இருக்கக் கூடாது என்று ஒரு விதியும் வைத்தார்கள். நல்ல விதி.

2019 பிப்ரவரியில் தேர்தல் முடிவு வந்தது. ஜெயித்த ஐவரில் பாரி வார்ஸா ஒருவர். கைடோ வான் ராஸம் இன்னொருவர்! போன ஜூலையில் சிம்மாசனத்தை விட்டு இறங்கியவரை, ஐந்து நாற்காலிகளில் ஒன்றில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அந்தத் தவணையை முடித்தார். அடுத்த தேர்தலில் தம் பெயரைத் தாமே வாபஸ் வாங்கிக்கொண்டார். வால்ரஸ் 2019 அக்டோபரில், பைதானின் 3.8-ம் பதிப்பில் வந்து சேர்ந்தது.

"நீ அதை எழுதுவதுண்டா?" என்று அண்ணன் மகனைக் கேட்டேன்.

அவன் சற்று யோசித்தான். "வருஷத்துக்கு நாலைந்து தடவை எழுதுவேன், சித்தப்பா" என்றான்.