மானிப்பாயில் மூளையைப் படித்தவர்கள்

கனடாவில் வாழும் என் பெறாமகளிடமிருந்து சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்துக்கு நரம்பியல் விஞ்ஞானத்தைத் தெரிவு செய்திருக்கிறாள். "சித்தப்பா, மூளையைப் பற்றின இந்தப் படிப்பை எங்கட ஊரில ஆராவது படிச்சிருக்கினமோ? தமிழில இதுக்குச் சொல்லுகள் இருக்கோ?" என்று கேட்டிருந்தாள்.

நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் இந்தக் கேள்விக்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாய்க்குப் போனாற் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நரம்பியல் விஞ்ஞானம் என்ற பெயரில் ஒரு தனி இளநிலைப் பட்டம் உலகிலேயே மிக அண்மைக் காலத்தது. அமெரிக்காவில் நரம்பியல் விஞ்ஞானிகளுக்கான சங்கம் 1969 இலேதான் தோன்றியது. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் அமெர்ஸ்ற் கல்லூரி 1973 இல் ஆரம்பித்த பாடநெறி இத்துறையின் இளநிலைக் கல்விக்கு முன்னோடிகளுள் ஒன்று. அதற்கு முன்னர் மூளையையும் நரம்பையும் கற்க விரும்பியவர் பெரும்பாலும் வைத்தியக் கல்வியின் வாயிலாகவே அங்கு சென்றார். ஆகவே, யாழ்ப்பாணத்தில் வைத்தியக் கல்வி எங்கே தொடங்கியது என்று பார்ப்பதே முறை.

அது தொடங்கிய இடம் மானிப்பாய். தொடக்கியவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்து, நியூயோர்க்கில் வைத்தியம் கற்று 1845 இல் பட்டம் பெற்றவர். 1847 இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கவும் மாணவருக்கு வைத்தியம் கற்பிக்கவும் ஆரம்பித்தார். தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. உடல்நலங் குன்றி 1857 இல் தாயகம் சென்றவர் 1862 இல் மீண்டும் வந்தார். அதன் பின்னரே அவர் அந்தத் துணிச்சலான முடிவை எடுத்தார்: இனி வைத்தியம் தமிழிலேயே கற்பிக்கப்படும்.

இந்த முடிவைத் தமிழ்ப்பற்று என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அதற்குப் பின்னே ஒரு கணக்கு இருந்தது. ஆங்கிலத்தில் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டுப் போய்விடுகிறான். தமிழில் கற்றவன் கிராமத்தில் இருந்து கிராமத்தவருக்கு வைத்தியம் பார்ப்பான் என்பதே கிறீனின் எதிர்பார்ப்பு. மாணவர்கள் இதனை விரும்பி வரவேற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆங்கிலம் தந்த வருவாயும் மதிப்பும் அன்றைக்கும் நம்மவரை ஆட்கொண்டிருந்தன. எனினும் அவர் பின்வாங்கவில்லை. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ் மூலமே கற்றவர்கள்.

தமிழில் கற்பிக்கப் பாடநூல் வேண்டுமல்லவா? கிறீனும் அவருடைய மாணவர்களும் அமர்ந்து மொழிபெயர்த்தார்கள். 'இரண வைத்தியம்' 1867 இல் வந்தது. உலகப் புகழ்பெற்ற கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872 இல் வெளியாயிற்று. மூலநூல் இலண்டனில் முதன்முதலாக வெளிவந்தது 1858 இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது! நியூயோர்க் பேராசிரியர் டால்ற்றனின் உடற்றொழிலியல் நூல் 'மனுஷ சுகரணம்' ஆக 1883 இல் வந்தது. இவ்வாறு கிறீனின் முயற்சியால் தமிழுக்கு வந்த வைத்திய, விஞ்ஞானப் பக்கங்கள் நாலாயிரத்துக்கும் அதிகம்.

என் பெறாமகளுக்குரிய விடை இந்த இரு நூல்களிலேதான் இருக்கிறது. கிறேயின் மூலநூலில் மூளை, முண்ணாண், நரம்புகள் ஆகியவற்றுக்கென ஒரு பெரும் பகுதி உண்டு. டால்ற்றனோ மூளியின் தொழிலைப் பறவைகளில் பரிசோதித்து ஆராய்ந்தவர். 1885 இல் மூளையின் அமைப்பைப் படங்களோடு விளக்கும் பெருநூலொன்றையும் வெளியிட்டார். அத்தகைய ஒரு மூளை ஆய்வாளரின் பாடநூல் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் இருந்தது.

அதே காலத்தில் வெளியுலகில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1861 இல் பாரிஸில் புரோக்கா, பேச்சை ஆளும் பகுதி மூளையில் எங்கே இருக்கிறது என்று காட்டினார். 1873 இல் இத்தாலியில் கொல்கி, நரம்புக்கலத்தை அதன் கிளைகளோடு நுணுக்குக்காட்டியில் காணச்செய்யும் வெள்ளிச் சாய முறையை வெளியிட்டார். 'நியூரோன்' என்ற சொல்லே 1891 இலேதான் பிறந்தது. இத்துறை உலகெங்கும் அரும்பிக் கொண்டிருந்த வேளையில், மானிப்பாயில் ஒரு தமிழ் மாணவன் தன் தாய்மொழியில் உடற்கூறு கற்றுக் கொண்டிருந்தான். நாம் பின்தங்கி நின்ற காலமல்ல அது.

சொற்களைப் பற்றியும் அவள் கேட்டிருந்தாள். தமிழில் சொல் இல்லாமை எப்போதும் பெரிய குறையாக இருந்ததில்லை. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்ததே சிக்கல். 'நரம்பு' என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. தசையை எலும்போடு பிணைப்பதும் பேச்சு வழக்கில் நரம்பு. ஊசி ஏற்றும் குருதிக் குழாயும் நரம்பு. இவற்றிலிருந்து மூளையின் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்பைப் பிரித்தெடுத்து, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நிலைநிறுத்துவதுதான் விஞ்ஞானத் தமிழின் முதல் வேலை. இன்று இலங்கைப் பாடநூல்கள் நாடி, நாளம், நரம்பு என்று மூன்றையும் ஐயமின்றிப் பிரிக்கின்றன.

அப்படியானால் அந்த மரபு ஏன் நம் கைக்கு வந்து சேரவில்லை? 1870 இல் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. பட்டமும் பதவியும் அங்கே இருந்தன. 1873 இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார். வூஸ்ரரில் இருந்தபடியே மொழிபெயர்ப்புகளைத் திருத்தி வந்த அவர் 1884 இல் காலமானார். மானிப்பாயின் தமிழ்வழி வைத்தியக் கல்வியும் ஓய்ந்து போயிற்று. நூல்கள் புதுக்கப்படவில்லை. அங்காதிபாதம், சுகரணம் போன்ற சொற்கள் வழக்கொழிந்தன. 1950களில் அரசாங்கம் கலைச்சொற்களைத் தொகுக்க முற்பட்டபோது பெரும்பாலும் புதிதாகவே தொடங்க வேண்டியதாயிற்று. அயலூரான நாவாலியைச் சேர்ந்த கவிஞர் அம்பி 1967 இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை எழுதியிராவிட்டால், நம்மிற் பலர் அந்தப் பெயரையே அறிந்திருக்க மாட்டோம்.

யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ஒரு வைத்தியக் கல்விக்கூடம் 1978 இலேதான் கிடைத்தது. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடம் யுத்தத்தின் நடுவிலேயே வளர்ந்தது. அதன் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. மனித உடலைக் கற்பித்தவர். மனித உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். கிறீனின் பள்ளி ஆதரவின்றி ஓய்ந்தது. இங்கோ ஓர் ஆசிரியையின் குரலே அடக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் அறிவு மரபு அறுவதற்கு வழிகள் பல.

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் உயிரியலைத் தமிழில் கற்கிறார்கள். மூளையம், மூளி, நீள்வளையமையவிழையம், முண்ணாண் என்று மனனஞ் செய்து பரீட்சையில் தேறுகிறார்கள். மருத்துவ பீடத்தில் நுழைந்ததும் அத்தனையும் ஆங்கிலமாகி விடுகிறது. பாடசாலையில் கற்ற சொற்கள் வாசலில் கழற்றிவிட்ட செருப்பாகின்றன. போதாக்குறைக்கு, தமிழகத்து மாணவன் மூளியைச் சிறுமூளை என்பான். முண்ணாணைத் தண்டுவடம் என்பான். நாம் நாடி என்பது அவனுக்குத் தமனி. ஒரே மொழியில் இரண்டு கலைச்சொற் குடும்பங்கள்!

ஆங்கிலத்தைத் தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆய்வு உலகம் ஆங்கிலத்தில் இயங்குகிறது. அதனை அறியாமல் எவரும் முன்செல்ல இயலாது. ஆனால் நோயாளி தமிழில் அல்லவா நோகிறான்? பாரிசவாதத்தால் ஒரு கை விழுந்த முதியவர், "நரம்பு இழுக்குது" என்கிறார். தலையில் ஷெல் துண்டு பட்டுப் பல ஆண்டுகளாகியும் உறக்கமின்றித் தவிப்பவர், "மண்டைக்குள்ள ஒரே இரைச்சல்" என்கிறார். அவர் சொல்வதை விளங்கிக் கொள்ளவும், மூளையில் என்ன நடந்தது என்பதை அவருக்கும் வீட்டாருக்கும் விளக்கவும் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும். கிறீன் தமிழைத் தேர்ந்ததும் இந்தத் தேவை கண்டுதான்.

அவர் தமிழில் கற்பித்தது, வைத்தியர் ஊரை விட்டுப் போகாதிருக்கட்டும் என்பதற்காக. ஊரே உலகெங்கும் போய்விடும் என்று அவர் கண்டாரா? றொறன்ரோவிலும் இலண்டனிலும் இன்று நம் முதியவர்கள் மறதி நோயோடு வாழ்கிறார்கள். பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலிற் கழன்று போக, தமிழ் மட்டும் எஞ்சி நிற்பவர்களை நானே கண்டிருக்கிறேன்.

பெறாமகளுக்கு இப்படிப் பதில் எழுதினேன்: "ஓம் பிள்ளை, படிச்சிருக்கினம். உன்ர பூட்டனுக்கும் முந்தின காலத்தில மானிப்பாயில தமிழிலயே படிச்சிருக்கினம். நீ ஆங்கிலத்தில நல்லாப் படி. படிக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில தமிழ்ச் சொல்லையும் எழுதி வை. தெரியாததை எனக்கு அனுப்பு, தேடித் தாறன்."

மறுநாளே முதற் பட்டியல் வந்துவிட்டது. பதினேழு சொற்கள். அவற்றுள் ஒன்பதுக்கு விடை கண்டிருக்கிறேன். மிகுதிக்கு மருத்துவம் அறிந்த அன்பர்கள் உதவுவார்களாக.